பக்கத்து வீட்டுக்குப் பாட்டு போவதில்லை, ‘தொம் தொம்’ மட்டுமே போகிறது

அடுத்த ஃபிளாட்டில் பாட்டு ஓடும்போது சுவரில் காதை வைத்துக் கேட்டுப் பாருங்கள். என்ன பாட்டு என்று சொல்ல முடியாது. பாடுவது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. கேட்பது தொம்... தொம்... தொம் என்ற அடி ஒன்றுதான். அந்த அடிக்கு ஏற்றபடி இந்தப் பக்கத்துப் படுக்கையறையில் பீரோவின் கைப்பிடி கிர்ரென்று அதிரும். தலைமாட்டில் வைத்த சொம்புத் தண்ணீரில் மெல்லிய வளையங்கள் ஓடும். கதவைத் தட்டிச் சொன்னால், “நாங்க சத்தமாவே வைக்கலையே சார், இப்பகூடப் பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்” என்பார் அந்த வீட்டுக்காரர். இரண்டு பேரும் சொல்வது உண்மை. ஹாலில் உட்கார்ந்திருப்பவர் கேட்கும் பாட்டும், சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரும் ஒலியும் ஒன்றல்ல. இது புரியாததால்தான் சென்னை ஃபிளாட்டுகளில் சத்தத் தகராறு அசோசியேஷன் கூட்டம் வரை போகிறது. முட்டை அட்டையும் ஃபோமும் வாங்கிப் பணத்தை வீணாக்குவதும் இதனால்தான்.

ஒலியைத் தடுக்கும் வேலையைச் சுவரின் எடைதான் செய்கிறது. சுவரின் எடை இரண்டு மடங்கானால் தடுப்பு சுமார் 6 டெசிபல் கூடும். ஒலியின் அதிர்வெண், அதாவது ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு (ஹெர்ட்ஸ்) என்பது, இரண்டு மடங்கானாலும் அதே 6 டெசிபல் கூடும். அதாவது கீச்சென்ற ஒலியைச் சுவர் எளிதாகத் தடுத்துவிடும், ‘தொம்’ என்ற அடித்தொனியை (பாஸ்) அப்படித் தடுக்க முடியாது. பேச்சும் பாடல் வரியும் இருக்கும் 1000 ஹெர்ட்ஸ் பகுதியில் ஒலி அலையின் நீளம் 34 சென்டிமீட்டர். அடித்தொனிக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்-வூஃபர் அடிக்கும் 50 ஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட 7 மீட்டர், அதாவது அறையையே விட நீளம்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். இருபுறமும் பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 265 கிலோ இருக்கும். கணக்குப்படி அது 50 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 35 டெசிபல் குறைக்கும். பேச்சுப் பகுதியில் 45 முதல் 50 டெசிபல் வரை குறைக்கும். ஹாலில் பாட்டின் குரல் 75 டெசிபல், சப்-வூஃபர் 90 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது சாதாரண அளவு, பார்ட்டி அளவுகூட இல்லை. குரல் அந்தப் பக்கம் 25 முதல் 30 டெசிபலாகத் தேய்ந்து, மின்விசிறி ஓசையில் கரைந்துவிடும். சப்-வூஃபரோ 55 டெசிபலாகப் போய் நிற்கும். 50 ஹெர்ட்ஸில் மனிதக் காதுக்குக் கேட்கத் தொடங்கும் எல்லை சுமார் 44 டெசிபல். அதைவிட 11 டெசிபல் மேலே இருப்பதால் தூங்கப் போகிறவருக்குத் தெளிவாகக் கேட்கும். அதை மூடி மறைக்கும் அளவுக்கு வேறு ஒலியும் இருக்காது.

புதிய கட்டடங்களில் நிலைமை இன்னும் மோசம். எடை குறைவு, வேலை சீக்கிரம் முடியும் என்று ஏஏசி பிளாக்கில் (காற்றுக்குமிழ்கள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) சுவர் வைக்கிறார்கள். நாலு அங்குல ஏஏசி சுவர் பூச்சோடு சேர்ந்தும் சதுர மீட்டருக்குச் சுமார் 110 கிலோதான் வரும். செங்கல் சுவரோடு ஒப்பிட்டால் 7 டெசிபலுக்கு மேல் தடுப்பு குறைகிறது. மேலே சொன்ன 55 அங்கே 62 ஆகிவிடும். வீட்டுக்குள் அறை பிரிக்க அந்தச் சுவர் போதும். இரண்டு குடும்பங்களுக்கு நடுவே அதையே வைப்பது தவறு. ஃபிளாட் வாங்கப் போகிறவர்கள் தரையில் என்ன டைல்ஸ் என்று கேட்கும் நேரத்தில், பக்கத்து வீட்டோடு சேரும் பொதுச்சுவர் எத்தனை அங்குலம், எதனால் கட்டியது என்றும் கேட்க வேண்டும். மைவான் முறையில் சுவரும் ஸ்லாபும் ஒரே கான்கிரீட்டாக வார்த்த கட்டடங்களில் சுவர் கனமாக இருப்பதால் காற்றுவழி ஒலி நன்றாகவே தடைபடும். ஆனால் எல்லாம் ஒரே கல்லாக இருப்பதால், ஓரிடத்தில் துரப்பணம் போட்டால் நாலு மாடி தள்ளியும் கேட்கும். தரையில் அதிரும் சப்-வூஃபருக்கும் அதே கதைதான்.

அறையின் அளவுக்கும் இதில் பங்கு உண்டு. ஒவ்வொரு அறையும் தன் நீளத்துக்கேற்ற சில தொனிகளைப் பெருக்கிக் காட்டும். 12 அடி அறை 47 ஹெர்ட்ஸையும் 10 அடி அறை 56 ஹெர்ட்ஸையும் தூக்கும். படத்துப் பாட்டில் டிரம்ஸின் அடி விழும் இடமே அதுதான். ஃபிளாட்டுகளில் மேல் வீடும் கீழ் வீடும் ஒரே வரைபடம். உங்கள் ஹால் எந்தத் தொனிக்கு முழங்குகிறதோ, கீழ் வீட்டு ஹாலும் அச்சாக அதே தொனிக்கு முழங்கும். அந்த முழக்கம் அறை நடுவில் குறைந்தும் சுவரோரம் மிகுந்தும் இருக்கும். நம் வீடுகளில் கட்டிலைச் சுவரில் ஒட்டித்தான் போடுகிறோம். தலையணை இருக்கும் இடமே அடித்தொனி உச்சமாக இருக்கும் இடம். “நடுவுல நின்னு கேட்டேன், ஒண்ணும் கேக்கலையே” என்று சமாதானம் சொல்பவரை அந்தக் கட்டிலில் படுக்கச் சொல்ல வேண்டும்.

இனி மீட்டர். சத்தம் அளக்கச் செல்பேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டு, “பாருங்க, வெறும் 38 டெசிபல்தான் காட்டுது” என்று வாதிடுவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலான செயலிகளும் சட்டத்தின் வரம்புகளும் ‘ஏ’ எடையிட்ட டெசிபலில் இருப்பவை. அந்த எடையீடு, காது அடித்தொனியைக் குறைவாகக் கேட்கிறது என்பதற்காக அந்தப் பகுதியைக் கழித்துவிட்டுக் கணக்கிடும். 50 ஹெர்ட்ஸில் கழிவு 30 டெசிபல். 63 ஹெர்ட்ஸில் 26. ஆகவே தூக்கத்தைக் கெடுக்கும் அந்த 55 டெசிபல் அடி, மீட்டரில் 25 என்று பதிவாகும். ஆள் இல்லாத அறையின் அளவு அது. செயலியில், அடித்தொனியை அவ்வளவாகக் கழிக்காத ‘சி’ எடையீடு இருந்தால் அதற்கு மாற்றி அளந்து பாருங்கள். ‘சி’ அளவு ‘ஏ’ அளவைவிட 15 முதல் 20 டெசிபல் அதிகமாக இருந்தால், வந்துகொண்டிருப்பது அடித்தொனிதான் என்று தாராளமாகச் சொல்லலாம். செல்பேசி மைக்குகள் அடித்தொனியைக் குறைத்தே பிடிக்கும் என்பதால் எண்ணை அப்படியே நம்பாமல், ‘முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு’ என்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் படுக்கையறைக்குள் 30 டெசிபல் என்று ‘ஏ’ அளவில் சொன்னது. அடித்தொனி மிகுந்த ஒலி என்றால் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் அதே ஆவணம் சேர்த்துச் சொல்லியிருக்கிறது.

நல்ல செய்தி ஒன்று இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அடித்தொனி விஷயத்தில் காது விசித்திரமானது. எல்லைக்குக் கீழே சுத்தமாகக் கேட்காது. எல்லையைத் தாண்டிவிட்டால் சில டெசிபல் கூடினாலே சத்தம் மளமளவென்று ஏறியதுபோல் இருக்கும். இதே காரணத்தால், சில டெசிபல் குறைத்தாலே காணாமலும் போய்விடும். 90 டெசிபல் சப்-வூஃபரை 80 ஆக்கினால், செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் 45. கேட்கும் எல்லையை ஒட்டி நிற்கிறது. விசிறி ஓடினால் அதுவும் மறைந்துவிடும். மொத்த வால்யூமையும் 10 டெசிபல் குறைத்தால் உங்களுக்குப் பாட்டே சப்பென்று ஆகிவிடும். சப்-வூஃபரை மட்டும் குறைத்தால் பாட்டு பாட்டாகவே இருக்கும். ஏஏசி சுவர் என்றால் 17, 18 டெசிபல் வரை இறங்க வேண்டியிருக்கும், அதாவது இரவில் சப்-வூஃபரை அணைப்பதே வழி.

ஆகவே முதல் வேலை ரிமோட்டில். சவுண்ட்பாரிலும், ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டியான ரிசீவரிலும் சப்-வூஃபருக்குத் தனி லெவல் இருக்கும். அதை இறக்குங்கள். ‘நைட் மோட்’ என்றோ ‘டைனமிக் ரேஞ்ச்’ என்றோ ஓர் அமைப்பு இருந்தால் இரவில் அதைப் போடுங்கள். படங்களில் வசனம் முணுமுணுப்பாகவும் குண்டுவெடிப்பு இடியாகவும் இருக்கும் வித்தியாசத்தை அது சுருக்கித் தரும். வசனம் கேட்கவில்லை என்று வால்யூமைக் கூட்டி, சண்டைக் காட்சி வந்ததும் ரிமோட்டைத் தேடி ஓடுகிற வேலை மிச்சம். பழைய ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் ‘லவுட்னஸ்’ பொத்தான் இதற்கு நேர் எதிர். குறைந்த வால்யூமில் அடித்தொனி கேட்காது என்று அதைத் தூக்கிக் கொடுக்கும். இரவு பத்து மணிக்கு அது அணைந்திருக்க வேண்டும். ஈக்வலைசர் இருந்தால் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

சப்-வூஃபரை அணைக்கும்போது பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. பின்னால் இருக்கும் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, “பாட்டு தகரம் மாதிரி ஆயிடுச்சு” என்று மறுநாளே திரும்பப் போட்டுவிடுவார்கள். ரிசீவர் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள எல்லாவற்றையும் இன்னும் சப்-வூஃபருக்குத்தான் அனுப்பிக்கொண்டிருக்கும். அது அணைந்திருப்பதால் அந்தப் பகுதி யாரிடமும் போகாது. ரிசீவர் அமைப்பில் போய்ச் சப்-வூஃபர் ‘நோ’ என்றும் முன் ஸ்பீக்கர்கள் ‘லார்ஜ்’ என்றும் மாற்ற வேண்டும். அப்போது அந்த அடித்தொனி முன் ஸ்பீக்கர்களுக்கு வந்துவிடும். சிறிய ஸ்பீக்கர்கள் ஏறத்தாழ 60 ஹெர்ட்ஸுக்குக் கீழ் தாமாகவே ஓய்ந்துவிடுவதால், பாட்டும் நிறைவாக இருக்கும், சுவரும் பிழைக்கும்.

இரண்டாவது, வைக்கும் இடம். சப்-வூஃபரை மூலையில் தள்ளி வைப்பதுதான் நம் வழக்கம், இடம் அடைக்காது என்பதால். இரண்டு சுவரும் தரையும் கூடும் மூலை அதற்கு ஒரு குழல்போல் வேலை செய்து அடித்தொனியைப் பெருக்கும். அந்த மூலையின் ஒரு சுவர் பொதுச்சுவராக இருந்துவிட்டால் நேராக அடுத்த வீட்டுக்கே போட்டதற்குச் சமம். சுவரிலிருந்து தள்ளி, நீங்கள் உட்காரும் சோபாவுக்கு ஒட்டிப் பின்னாலோ பக்கத்திலோ வையுங்கள். காதுக்கும் சப்-வூஃபருக்கும் இடைவெளி 12 அடியிலிருந்து 2 அடியாகக் குறையும்போது, அதே அளவு ‘பஞ்ச்’ கிடைக்க மிகக் குறைந்த லெவலே போதும். பக்கத்து வீட்டுக்கோ தூரம் மாறவில்லை, அவர்களுக்குப் போகும் ஒலி மட்டும் குறைகிறது. செலவில்லாத வழிகளில் இதைவிட நல்லது எங்களுக்குத் தெரிந்து வேறில்லை. சப்-வூஃபரில் காற்றுத் துளை இருந்தால் அதில் ஒரு ஸ்பான்ஜ் உருளையைச் செருகுவதும் மிகக் கீழான தொனிகளை ஓரளவு அடக்கும்.

சவுண்ட்பாரையும் ஸ்பீக்கரையும் பொதுச்சுவரில் திருகாணி போட்டு மாட்டாதீர்கள். அப்படி மாட்டினால் சுவரே ஸ்பீக்கரின் ஒரு பாகமாகிவிடும். டவர் ஸ்பீக்கரின் அடியில் வரும் கூர்மையான ஸ்பைக்குகள் அதிர்வைத் தடுப்பவை அல்ல, தரையோடு இறுக்கிப் பிணைப்பவை.

தரையோடு பிணைப்பை அறுக்க ரப்பர் பேட் வாங்குகிறவர்கள் ஒரு சின்ன அளவீட்டைச் செய்துவிட்டு வாங்க வேண்டும். ஒரு பேட், மேலே எடை ஏறும்போது எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்பதில்தான் அதன் வேலையே இருக்கிறது. 1 மில்லிமீட்டர் அமுங்கினால் அந்த ஏற்பாடு தானாக ஆடும் வேகம் சுமார் 16 ஹெர்ட்ஸ். அதன் ஒன்றரை மடங்கிற்கு மேலான அதிர்வுகளைத்தான் அது தடுக்கத் தொடங்கும். கடினமான ரப்பர் துண்டு 0.1 மில்லிமீட்டர்தான் அமுங்கும் என்றால் அது ஆடும் வேகம் 50 ஹெர்ட்ஸ். சப்-வூஃபரின் நட்டநடுத் தொனி அதுதான், அதைத் தடுப்பதற்குப் பதில் கூட்டிவிடும். “பேட் போட்ட பிறகுதான் அதிகமா கேக்குது” என்று கீழ் வீட்டார் சொன்னால் அது கற்பனை அல்ல. ஸ்கேலை வைத்துப் பேடின் உயரத்தை எடை வைக்கும் முன்னும் பின்னும் அளந்து, 2 முதல் 3 மில்லிமீட்டர் இறங்குகிறதா என்று பாருங்கள். முழுக்கச் சப்பையாகிவிடும் ஸ்பான்ஜும் உதவாது. அமுங்கி முடிந்த பிறகு அதுவும் தரைதான். சரியான பேட் போட்டாலும் ஸ்பீக்கர் பெட்டியின் அதிர்வு நேரடியாகத் தரையில் இறங்குவதை மட்டுமே அது நிறுத்தும். காற்று வழியாக ஸ்லாபை அழுத்தும் ஒலியை நிறுத்தாது.

எது எந்த வழியில் போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். இரவு ஒன்பதரை மணி அளவில், அடுத்த வீட்டாரிடம் சொல்லிவிட்டு ஒருவரை அவர்கள் படுக்கையறையில் நிறுத்துங்கள். விசிறி நிற்கட்டும். செல்பேசியில் பேசிக்கொண்டே, அடி தெளிவாக இருக்கும் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுங்கள். முதலில் வழக்கமான வால்யூம். பிறகு சப்-வூஃபர் இல்லாமல். பிறகு சப்-வூஃபரை மடித்த மெத்தை மேல் வைத்து. மெத்தை போட்டதும் அந்தப் பக்கம் நன்றாகக் குறைந்தால் தரைவழி அதிர்வுதான் குற்றவாளி, பேட் பயன் தரும். மாற்றமே இல்லை என்றால் காற்றுவழி, லெவலைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. கடைசியாக, தலையணைப் பக்கம் நிற்பவருக்குக் கேட்காமல் போகும் வரை லெவலைப் படிப்படியாக இறக்கி, அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ரிமோட்டின் பின்னால் ஒட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு ‘சத்தமா, இல்லையா’ என்ற வாக்குவாதமே எழாது, எண் இருக்கிறது.

பாட்டின் மற்ற பகுதி, அதாவது குரலும் வாத்தியமும், சுவரைவிட இடுக்குகள் வழியாகத்தான் போகின்றன. ஒரு சுவரின் பரப்பில் 100-இல் 1 பங்கு திறந்திருந்தால், மிச்சம் கருங்கல்லாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. பத்துக்குப் பத்தடிச் சுவரில் ஒரு சதுர அடி வென்டிலேட்டர் என்பது சரியாக அந்த 1 பங்கு. மூன்றடி அகலக் கதவின் அடியில் அரை அங்குல இடைவெளி இருந்தால், அந்தக் கதவு தேக்கே ஆனாலும் 22 டெசிபலுக்கு மேல் தடுக்காது. கதவுச் சட்டத்தைச் சுற்றி ரப்பர் கேஸ்கெட்டும் அடியில் தூரிகைபோல் தொங்கும் சீலும் போடுவது சில நூறு ரூபாயில் முடியும். ஏசி குழாய் போகும் ஓட்டையைப் பெரும்பாலும் வெறும் தெர்மாகோல் துண்டால் அடைத்து விட்டிருப்பார்கள். அதைச் சிமென்ட் கலவை அல்லது சீலன்ட் கொண்டு நிரப்புங்கள். குளியலறை வென்டிலேட்டர்கள் எல்லா மாடிக்கும் பொதுவான டக்டில் திறக்கின்றன. ஹாலில் பாட்டு ஓடும்போது குளியலறைக் கதவு திறந்திருந்தால் அந்த டக்ட் பாட்டை ஐந்து மாடிக்கும் கொண்டு போகும்.

தனி வீடுகள் நெருங்கியிருக்கும் தெருக்களில் ஜன்னல்தான் எல்லாம். உங்கள் ஜன்னலுக்கும் எதிர்வீட்டு ஜன்னலுக்கும் பத்தடி. இரண்டும் திறந்திருந்தால் நடுவில் தடுப்பு என்று ஒன்றும் கிடையாது. மூடுங்கள் என்று எழுதிவிடலாம், ஆனால் மே மாதத்தில் ஏசி இல்லாத வீட்டில் ஜன்னலை மூட முடியாது. அங்கே வால்யூம் ஒன்றே கையில் இருக்கும் கருவி. மின்தடை நேரத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் டிவி ஓடும், இல்லாத வீட்டில் விசிறி நின்று, ஜன்னல் திறந்து, தெருவே அடங்கியிருக்கும். அதுவரை விசிறி ஓசை மறைத்துக் கொடுத்த பாட்டு அந்த நிமிடத்திலிருந்து முழுதாகக் கேட்கும்.

முட்டை அட்டை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அது ஒலியைத் தடுக்காது. எடை இல்லாத எதுவும் தடுக்காது. அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைப்பதால் ‘ஏதோ அடங்கிவிட்டது’ என்று உள்ளே இருப்பவருக்குத் தோன்றும், அவ்வளவுதான். இரண்டு அங்குல ஃபோம் ஷீட்டும் அதே ரகம். 50 ஹெர்ட்ஸ் அலையை உறிஞ்ச வேண்டுமானால் அலைநீளத்தில் கால் பங்கு கனம், அதாவது 1.7 மீட்டர் ஃபோம் வேண்டும். இவை இரண்டுமே எளிதில் தீப்பிடிப்பவை. மின்வயர்கள் ஓடும் சுவரில் இவற்றை ஒட்டுவது ஆபத்து.

ஜிப்சம் போர்டு அடித்துச் சுவரை ‘சவுண்ட் ப்ரூஃப்’ செய்து தருகிறோம் என்று வருபவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இடைவெளி எத்தனை? ஒரு அங்குலச் சட்டம் வைத்து ஒரு போர்டு அடித்தால், சுவரும் போர்டும் நடுவில் அடைபட்ட காற்றும் சேர்ந்து சுமார் 130 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும். அந்தத் தொனிக்கு, போர்டு அடிப்பதற்கு முன் இருந்ததைவிடத் தடுப்பு குறையும். பணம் கொடுத்துச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டதாக முடியும். இரண்டு அடுக்கு போர்டும் 10 சென்டிமீட்டர் இடைவெளியும் உள்ளே ராக்வூலும் (கல் இழைப் பஞ்சு) வைத்தால் அந்த ஒத்ததிர்வு 46 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கும், பலன் 65 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் தெரியும். சப்-வூஃபரை அடக்க இடைவெளி 20 சென்டிமீட்டர் வேண்டும். பத்தடி அறையில் முக்கால் அடி போய்விடும். அத்தனையும் செய்த பிறகும் தரை ஸ்லாபும் கூரை ஸ்லாபும் பக்கவழியாக ஒலியைக் கடத்திக்கொண்டுதான் இருக்கும். பாடகர் ஒருவர் பதிவு செய்ய அறை அமைக்கிறார் என்றால் இந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு. படம் பார்க்க என்றால் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

வாத்தியம் பழகுகிறவர்கள் கதை வேறு, அவர்களிடம் லெவல் பொத்தான் இல்லை. மிருதங்கத்தை வெறும் தரையில் வைத்து வாசித்தால் ஒவ்வொரு ‘தொம்’மும் ஸ்லாபில் இறங்கும். கனமான மெத்தையோ நாலாக மடித்த ஜமுக்காளமோ அடியில் இருக்கட்டும். எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கி ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டால் சத்தமே இல்லை என்று நினைப்பார்கள். காலால் மிதிக்கும் பெடலின் அடி கீழ் வீட்டுக் கூரையில் சுத்தியல்போல் விழும். இரண்டு 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகைகளுக்கு நடுவே இருபதுக்கு மேற்பட்ட பழைய டென்னிஸ் பந்துகளைக் குழிவெட்டி நிறுத்தி, அந்த மேடையில் செட்டை வைப்பதே இதற்கு நெடுநாளாக உதவிவரும் முறை. பந்துகள் சுவரைத் தொடாமல் மேடை தனியே நிற்க வேண்டும், ஒரு ஓரம் சுவரில் இடித்தாலும் பலன் போய்விடும். அதிகாலை சாதகம் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் மரபில் நாலரை மணி நல்ல நேரம், சட்டத்தில் ஆறு மணி வரை இரவு.

அந்தச் சட்டம், 2000 பிப்ரவரியில் வந்த ஒலி மாசு விதிகள். குடியிருப்புப் பகுதிக்குக் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். தனியார் இடத்தில் ஓடும் ஒலிக்கருவி, அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது என்பது 2010-இல் சேர்ந்த திருத்தம். ஒலிபெருக்கி, வாத்தியம் எதுவானாலும் இரவில் கூடாது. மூடிய அரங்குகளுக்குள் அங்கிருப்பவர்களுக்காகப் பயன்படுத்துவதற்கும் அவசர நிலைக்கும் மட்டுமே விலக்கு. திருவிழாக்களுக்கு மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், ஆண்டுக்கு மொத்தம் 15 நாள். வீட்டுப் பிறந்தநாள் விழா அந்தக் கணக்கில் வராது. உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் தந்த தீர்ப்பு இன்னும் தெளிவானது: சொந்த வீட்டுக்குள்ளேயே எழுப்பினாலும், வெளியே போய் அண்டை அயலாருக்குத் தொல்லை தரும் சத்தத்தை எழுப்ப ஒருவருக்கும் உரிமை கிடையாது. பகலில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு இது பதில். மீட்டர் காட்டாத அடித்தொனிக்கும் இந்தத் ‘தொல்லை’ என்ற சொல் பொருந்தும். பொதுத் தொல்லை என்ற குற்றத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 292-ஆம் பிரிவு 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது.

ஆனாலும் போலீஸ் வந்துபோன பிறகு இரண்டு வீட்டாரும் அதே லிஃப்டில் ஏற வேண்டியிருக்கும். ஆகவே முதலில் பேசுங்கள், பேசும்போது குறிப்பாகப் பேசுங்கள். “கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்கோங்க” என்றால் அவர் வால்யூமை இரண்டு புள்ளி குறைப்பார், ‘தொம் தொம்’ அப்படியே இருக்கும், சொல்லியும் அவர் கேட்கவில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். “அண்ணா, பாட்டு எங்களுக்குக் கேக்கவே இல்ல. அந்த சப்-வூஃபர் அடி மட்டும் கட்டில் வரைக்கும் வருது. ஒன்பது மணிக்கு மேல அதை மட்டும் ஆஃப் பண்ணிடுறீங்களா? ஒரு நிமிஷம் வந்து கேட்டுப் பாருங்களேன்” என்று சொல்லிப் பாருங்கள். தலையணை அருகே ஒருமுறை நின்று கேட்டவர் பெரும்பாலும் வாதாடுவதில்லை. வீட்டில் விழா என்றால் இரண்டு நாள் முன்பே மேல், கீழ், இருபக்கம் என நாலு வீட்டுக்கும் நேரில் போய், எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லி, சொன்ன மணிக்கு நிறுத்துங்கள். கைக்குழந்தை, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, இரவுப் பணி முடிந்து பகலில் தூங்குபவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று அப்போதே தெரிந்துவிடும்.

பேசியும் பலனில்லை என்றால் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்த அறையில் கேட்டது என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். செல்பேசியில் பதிவு செய்தால் அடி விழாது, பீரோ கைப்பிடி அதிரும் ஓசையும் சொம்புத் தண்ணீர் ஆடுவதும் வீடியோவில் விழும். குறிப்போடு அசோசியேஷனுக்கு எழுத்தில் கொடுங்கள். அடுத்து காவல் நிலையம். இரவு நேர விதிமீறல் என்றால், டெசிபல் அளவைக் காட்டாமலேயே விதிகளின்படி புகார் தரலாம். பத்து மணிக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்போதே 100 அல்லது 112-ஐ அழைத்து, ஃபிளாட் எண்ணையும் மாடியையும் தெளிவாகச் சொல்லுங்கள். வருகிற காவலருக்குக் கீழே நின்றால் ஒன்றும் கேட்காது, உங்கள் படுக்கையறைக்கே அழைத்துப் போக வேண்டும்.